45 பேருக்கு சுகீ கேக், ஏர்கான் இல்லாத மண்டபம்: எங்கே தப்பு நடக்குது?

சிப்புட்_பேத்தி கேட்டது:

வணக்கம். பாட்டிக்கு வர்ற சனிக்கிழமையோட 75 முடியுது. அத்தை, சித்தப்பா, பேரப்பிள்ளைங்க எல்லாம் சேர்த்து 45 பேர். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மண்டபத்துலதான் விருந்து. காத்தாடி உண்டு, ஏர்கான் கிடையாது. கேக் வெட்டுறது ராத்திரி 7 மணிக்கு. பாட்டிக்கு சுகீ கேக்தான் (ரவை, பாதாம் போட்ட பட்டர் கேக்) வேணும், அதுவும் வீட்டுல செஞ்சதா இருக்கணும்.

போன ஞாயிறு ஒரு தடவை செஞ்சு பார்த்ததுல மூணு கோளாறு. நடுவுல குழி விழுந்துருச்சு. கடிச்சா ரவை நறநறன்னு பல்லுல படுது. அடிக் காகிதம் பூரா எண்ணெய். போட்ட அளவு: பட்டர் 250 கிராம், ரவை 200, சீனி 200, முழு முட்டை 6, கோதுமை மாவு 50, பாதாம் 100, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. பட்டரைக் காலையில இருந்தே மேசை மேல வச்சிருந்தேன். ரவை ஊறுனது அரை மணி நேரம். 35 லிட்டர் மேசை ஓவன், 180ல 45 நிமிஷம்.

இந்தக் கோளாறெல்லாம் எதனால? 45 பேருக்கு எவ்வளவு செய்யணும்? மேல கிரீம் பூசினா அந்தச் சூட்டுல நிக்குமா? பெரியப்பா முட்டை தொடமாட்டார், அவருக்கு என்ன வழி? பாட்டிக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கு, பல்லும் குறைச்சல். அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க.

மாவுக்கை:

மூணு கோளாறுக்கும் காரணம் உங்க கேள்வியிலேயே இருக்கு தங்கச்சி.

எண்ணெய் முதல்ல. பட்டரை அடிக்கும்போது அது 18இல் இருந்து 21 டிகிரிக்குள்ள இருந்தாத்தான் காத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நம்ம சமையலறை பகல்ல 30, 32. காலையில இருந்து மேசை மேல கிடந்த பட்டர் பாதி உருகியே போயிருக்கும். உருகுன கொழுப்பு காத்தைப் பிடிக்காது, முட்டையோடயும் ஒட்டாது. ஓவன்ல தனியா பிரிஞ்சு அடியில இறங்கிடும். ஐஸ் பெட்டியில இருந்து எடுத்து, சின்னத் துண்டா வெட்டி, 15 நிமிஷம் விட்டாப் போதும். விரலை அழுத்தினா பள்ளம் விழணும், விரல்ல பளபளப்பு ஒட்டக் கூடாது. பளபளப்பு வந்துட்டா திரும்ப 10 நிமிஷம் ஐஸ் பெட்டிக்குள்ள போகட்டும்.

அடுத்தது நறநறப்பு. பட்டர்ல தண்ணி கிட்டத்தட்ட 16 விழுக்காடுதான். 250 கிராம் பட்டர்ல 40 கிராம் தண்ணி. ரவை அந்தக் கொஞ்சத் தண்ணியை மெதுவாத்தான் குடிக்கும். அரை மணி நேரத்துல ஒண்ணும் நடக்காது, ஒரு ராத்திரி வேணும். ரவையும் ரொம்பப் பொடியா இருக்கணும். உப்புமா ரவைதான் கிடைச்சதுன்னா மிக்சியில 10 வினாடி ஓட்டிச் சலிச்சுக்குங்க.

குழி விழுந்ததுக்குக் காரணம் பேக்கிங் பவுடர். 50 கிராம் மாவுக்கு 2 தேக்கரண்டி ரொம்ப அதிகம். கேக் வேகமா எழும்பும், தாங்கிப் பிடிக்க மாவு இல்ல, அப்படியே உட்கார்ந்துடும்.

8 அங்குலச் சதுர அச்சு ஒண்ணுக்கு இந்த அளவுல போங்க: பட்டர் 250 கிராம், பொடி ரவை 150, கேஸ்டர் சீனி 180, மஞ்சக்கரு 7, வெள்ளைக்கரு 4, மாவு 100, பாதாம் தூள் 100, பேக்கிங் பவுடர் தட்டையா ஒரே ஒரு தேக்கரண்டி, பால் 60 மில்லி, வெனிலா 1 தேக்கரண்டி. முட்டை 'ஏ' கிரேடு, அதாவது ஓட்டோட 65 முதல் 69.9 கிராம். 'சி' கிரேடுதான் வீட்டுல இருக்குன்னா மஞ்சக்கரு 8 போடுங்க. உப்பு போட்ட பட்டர்னா தனியா உப்பு வேணாம். லேபிள்ல 'ஸ்ப்ரெட்'னோ 'பிளெண்ட்'னோ போட்டிருந்தா அது பட்டர் இல்ல. விலை குறைவுதான், ஆனா சுகீ கேக்கோட வாசமே பட்டர்ல இருந்துதான் வருது. மத்ததுல எங்க வேணும்னாலும் மிச்சம் பிடிங்க, இதுல பிடிக்காதீங்க.

முதல் நாள் ராத்திரி பட்டரை மட்டும் 3 நிமிஷம் அடிச்சு, பால்ல பாதியை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, ரவையைக் கலந்து மூடி ஐஸ் பெட்டியில வைங்க. காலையில அரை மணி நேரம் வெளிய வச்சு இளக்கி, கரண்டியால ஒரு தடவை கலக்கிக்குங்க. மஞ்சக்கருவையும் 120 கிராம் சீனியையும் வெளுத்துக் கெட்டியாகுற வரை அடிங்க. பீட்டரைத் தூக்கினா நாடா மாதிரி விழுந்து, விழுந்த கோடு ரெண்டு வினாடி மறையாம நிக்கணும். அதை ரவைக் கலவையில நாலு தடவையா சேர்க்கணும். முட்டையும் ஐஸ் பெட்டியில இருந்து முன்கூட்டியே வெளிய வந்திருக்கணும், சில்லுன்னு போட்டா பட்டர் திரிஞ்சு போன பால் மாதிரி ஆகும். அப்புறம் பாதாம், பேக்கிங் பவுடரோட சலிச்ச மாவு, மீதிப் பால், வெனிலா. கடைசியா வெள்ளைக்கருவை மீதி 60 கிராம் சீனியோட, முனை லேசா வளைஞ்சு விழுற பதத்துக்கு அடிச்சு, மூணு தடவையா மடிச்சுக் கலக்குங்க. விறைப்பா அடிச்சுட்டா கட்டி கட்டியா நிக்கும், அதை உடைக்கப் போய் மொத்தக் காத்தும் போயிடும்.

பாட்டிக்குப் பல் இல்லைன்னா பாதாம் துண்டு எதுவும் தட்டக் கூடாது. ஒரு கரண்டி மாவையும் சேர்த்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரே ஓட்டமா ஓட்டினா எண்ணெய் விட்டுப் பசையாகிடும். பாதாம் கட்டுப்படியாகலைன்னா பாதிக்குப் பாதி முந்திரி போடலாம். சீனியை 150 வரைக்கும் குறைக்கலாம். அதுக்குக் கீழ போனா வெள்ளைக்கரு நிக்காது, கேக் வறண்டு போகும்.

அளவு விஷயம்: 8 அங்குலச் சதுரத்தை அஞ்சுக்கு அஞ்சா வெட்டினா, 4 சென்டிமீட்டர்ல 25 துண்டு. ரெண்டு கேக் செஞ்சா 50. சின்னதாத்தான் தெரியும், ஆனா விருந்துச் சோறு சாப்பிட்ட வயித்துக்கு இந்தக் கேக் அதுக்கு மேல இறங்காது. ஒரு துண்டுக்குச் சீனி சுமார் 7 கிராம், கிரீம் இல்லாம. பாட்டிக்கு அதுல பாதி வெட்டிக் குடுங்க.

பழைய_பேக்கரி:

அளவெல்லாம் சரி. நான் ஓவனைப் பத்திச் சொல்றேன், அதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க.

மேசை ஓவன்ல திருகியில 160ன்னு இருந்தா உள்ள 160ன்னு அர்த்தம் இல்ல. பேக்கரி சாமான் கடையில தொங்கவிடுற தெர்மாமீட்டர் கிடைக்கும், அதை வாங்கி அச்சு வைக்கிற இடத்துலயே வச்சுப் பாருங்க. 20 நிமிஷம் சூடாகட்டும். ரவை, பாதாம், பட்டர் எல்லாம் கனம். 180ல வச்சா மேல கறுத்துடும், நடு வேகாது. 160, கீழ் தட்டு, மேல் கீழ் ரெண்டு கம்பியும் எரியணும், காத்தாடி ஓடுற ஓவன்னா 145. 50இல் இருந்து 60 நிமிஷம் ஆகும். மேல் கம்பி அச்சுக்குக் கிட்ட இருக்கும்ங்கிறதால 35ஆவது நிமிஷம் தகரக் காகிதத்தைத் தளர்வா மூடுங்க. அதுக்கு முன்னாடி கதவைத் தொடாதீங்க. மேல வெடிச்சுக் கூம்பா வந்தா ஓவன் சூடு அதிகம்னு அர்த்தம், மாவைக் குறை சொல்லாதீங்க.

அச்சுக்குள்ள காகிதத்தை அடியில ரெண்டு மடிப்பா, பக்கத்துல ஒரு மடிப்பா, விளிம்புக்கு மேல ரெண்டு விரல் உயரம் நிக்கிற மாதிரி போடுங்க. குச்சி குத்திப் பார்க்கும்போது நடுவுல குத்துங்க, ஓரத்துல குத்திட்டு வெந்துடுச்சுன்னு எடுத்தா மறுபடி குழிதான். ஈர மாவு ஒட்டக் கூடாது, ரெண்டு மூணு பொடி ஒட்டினா பரவாயில்ல.

ரெண்டு கேக்கையும் ஒண்ணா உள்ள திணிக்காதீங்க. 35 லிட்டர்ல ஒண்ணுதான் ஒழுங்கா வேகும். ரெண்டாவதுக்கு வெள்ளைக்கருவும் மாவும் முதல் கேக் வெளிய வந்த பிறகு சேருங்க. கலந்து வச்ச மாவு ஒரு மணி நேரம் காத்திருந்தா பேக்கிங் பவுடரோட வேலை கிண்ணத்துலயே முடிஞ்சுடும்.

இன்னொண்ணு. ஸ்பாஞ்ச் கேக்குக்குப் போடுற ஓவலெட்டை இதுக்குப் போடச் சொல்லி யாராவது சொல்வாங்க. வேணாம் லா. சுகீ கேக்கோட உதிரி உதிரியான பதமே போயிடும்.

சிப்புட்_பேத்தி:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். சித்தி வீட்டுல 10 அங்குலச் சதுர அச்சு இருக்கு. அதுல ஒரே கேக்கா செஞ்சா மேசையில பெருசா தெரியுமே? அப்புறம், பிராந்தி ஊத்தணும்னு அத்தை சொல்றாங்க. அவசியமா?

பழைய_பேக்கரி:

10 அங்குல அச்சுக்கு ஒன்றரை மடங்கு மாவு போகும், பரப்பளவுக் கணக்கு அப்படித்தான் வருது. ஆனா 35 லிட்டர் ஓவன்ல அந்த அச்சு சுவரோட ஒட்டி நிக்கும். சுத்தி ரெண்டு விரலாவது இடம் விட்டாத்தான் சூடு சுழலும், இல்லைன்னா ஓரம் கருகும், நடு பச்சையா நிக்கும். ரெண்டு 8 அங்குலத்தைப் பக்கத்துல பக்கத்துல பலகையில ஒட்டி வைங்க. 16க்கு 8 நீளக் கேக், இணைப்பு மேல கிரீம் பூசினா யாருக்கும் தெரியாது.

மாவுக்கை:

பிராந்தி ஊத்துறது மலாக்கா போர்த்துகீசிய யூரேசியர் வழக்கம். இந்தக் கேக் அவங்க கல்யாண வீட்டுல இருந்து வந்ததுதானே. பேருகூட இந்தியில ரவைக்குச் சொல்ற சூஜி. பாதாம் வாசத்தைத் தூக்கிக் குடுக்கத்தான் 2 மேசைக்கரண்டி பிராந்தி, கேக் நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தோட்டத்து விருந்துக்கு மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்காரங்களும் வருவாங்கன்னா விட்டுடுங்க. அதே அளவு ஆரஞ்சுச் சாறும், ஒரு பழத்தோட துருவின தோலும் போடுங்க. தோலோட வெள்ளைப் பகுதி வரைக்கும் துருவக் கூடாது, கசக்கும்.

பச்சைக்கரி_சமையல்:

பெரியப்பாவுக்குச் சொல்றேன். முட்டை கேக்குல முட்டையை மட்டும் எடுத்துட்டா ஆகாது. மேல சொன்ன அளவுல தூக்கி நிறுத்துறதே முட்டைதான். அவருக்குத் தனியா தயிர் ரவைக் கேக் செய்யுங்க, 7 அங்குல வட்ட அச்சு போதும்.

பொடி ரவை 150 கிராம், மாவு 50, சீனி 130, கெட்டித் தயிர் 180, உருக்கின நெய் 90, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி, ஏலக்காய் 4. தயிரையும் சீனியையும் கரையுற வரை கலக்கி, நெய், ரவை, பால் சேர்த்து அரை மணி நேரம் மூடி வைங்க. ரவை பாலைக் குடிச்சு இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியா நிக்கும். இறுகிப் போயிருந்தா ரெண்டு கரண்டி பால் விட்டுக்கலாம். மாவையும் பவுடரையும் சோடாவையும் ஓவனுக்குள்ள போகப் போற நேரத்துலதான் சேர்க்கணும். சோடா தயிரைத் தொட்ட உடனே நுரைக்க ஆரம்பிச்சுடும், காத்திருக்காது. 170ல 35 முதல் 40 நிமிஷம். சோடா கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும், அதனால கரண்டியை வழிச்சு அளந்து போடுங்க.

இதை முதல்ல சுட்டு எடுத்துட்டு முட்டைக் கேக்கை ஆரம்பிங்க. பீட்டர், கிண்ணம், வெட்டுற கத்தி எல்லாம் தனி. இல்லைன்னா அவருக்குத் தனியா செஞ்சதுக்கே அர்த்தம் இல்ல.

யாரும் கேட்காத ஒண்ணைச் சொல்லணும். கேக் மேல தூவுற மணி, மார்ஷ்மெல்லோ, கடையில விக்கிற ஃபோண்டன்ட், இதுல பலதுல ஜெலட்டின் இருக்கும், அது விலங்குத் தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. ஹலால் முத்திரை இருக்குன்னு வாங்கிடுறோம். ஹலால்னா பன்றி இல்லைன்னு அர்த்தம், மாடு இல்லைன்னு அர்த்தம் இல்ல. மாட்டு ஜெலட்டின் ஹலாலாவே இருக்கும். மாட்டிறைச்சியோ அதுல இருந்து எடுத்ததோ சேர்ந்திருந்தா லேபிள்ல போடணும்னு நம்ம நாட்டு 1985 உணவு விதிமுறை சொல்லுது, அதனால பொட்டலத்தைத் திருப்பி 'லெம்பு'ங்கிற சொல்லை (மலாய்ல மாடு) தேடுங்க. ஓவலெட் மாதிரிப் பொருள்ல வர்ற ஈ471 (கொழுப்பையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கிற பொருள்) செடியில இருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்புல இருந்தும் வரலாம், எண்ணை மட்டும் வச்சுத் தெரியாது. பளபளன்னு மேல ஊத்தணும்னா அகார் அகார் இருக்கு, அது கடற்பாசி.

கிரீம்_கரண்டி:

சூட்டுல கிரீம் நிக்குமான்னு கேட்டீங்க. சுத்தப் பட்டர் கிரீம் நிக்காது. 32 டிகிரியில பட்டர் உருகுற நிலைக்கு வந்துடும், பூ வச்சீங்கன்னா பூ சறுக்கிக்கிட்டே வரும். பாதிக்குப் பாதி வெள்ளை ஷார்ட்டனிங் கலக்குங்க. நம்ம ஊர்ல கிடைக்கிறது பெரும்பாலும் செம்பனைக் கொழுப்புதான், பட்டரைவிடச் சூடு தாங்கும். ரெண்டு கேக்குக்கு மேலயும் பக்கமும் மெல்லிசா பூச: பட்டர் 150, ஷார்ட்டனிங் 150, சலிச்ச ஐசிங் சீனி 400 கிராம், குளிர்ந்த பால் 30 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. இது காத்தாடிக்குக் கீழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். முழுக்க ஷார்ட்டனிங்ல செய்யச் சொல்றவங்களும் உண்டு. நிக்கும், ஆனா நாக்குல மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு கேக்குக்கும் 3 வெள்ளைக்கரு மிச்சம் வருமே, அதுல ராயல் ஐசிங் அடிக்கலாம்னு தோணும். பச்சை முட்டை, வயசானவங்க சாப்பிடுற கேக். வேணாம். அந்த வெள்ளைக்கருவை டப்பாவுல போட்டு ஐஸ்ல உறைய வைங்க.

என்னைக் கேட்டா சுகீ கேக்குக்குப் பக்கமெல்லாம் கிரீம் பூசுறதே வீண். பாட்டிக்கு இனிப்பு நீர் வேற. மேல மட்டும் ஒரு மெல்லிய பூச்சு, ஓரத்துல சிப்பி சிப்பியா ஒரு வரிசை, நடுவுல வறுத்த பாதாம். அளவுல பாதி கிரீம் போதும்.

நேரக் கணக்கு: வியாழன் ராத்திரி ரவை ஊறட்டும். வெள்ளி காலையில சுடுங்க. சுகீ கேக் சுட்ட அன்னைக்கு வெட்டினா உதிரும், மறுநாள்தான் பதமாகும், வாசமும் கூடும். முழுசா ஆறின பிறகு பிளாஸ்டிக் தாள்ல இறுக்கிச் சுத்தி டப்பாவுல போடுங்க. சூட்டோட சுத்தினா உள்ள வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். டப்பாவை அகலமான தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல கிண்ணத்தைக் கவிழ்த்து அது மேல வைங்க, எறும்பு ஏறாது. சனி மத்தியானம் கிரீம் பூசி, ரெண்டு மணி நேரம் ஐஸ் பெட்டியில இறுகட்டும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில கொண்டு போகும்போது யாரும் மடியில வச்சுக்க வேணாம், சீட்டு மேலயும் வேணாம், ரெண்டும் சரிவு. காரோட பின்பக்கத் தரை சமமா இருக்கும், லாச்சிக்குள்ள (மேசை இழுப்பறை) விரிக்கிற ரப்பர் வலையைக் கீழ போட்டா பெட்டி நகராது. மண்டபத்துக்கு 6:15 வாக்குல வரட்டும். பெட்டியை உடனே திறந்துடாதீங்க. சில்லுன்னு இருக்கிற கிரீம் மேல ஈரக் காத்து பட்டா முத்து முத்தா வேர்க்கும், கலர் ஓடும். மூடியோட அரை மணி நேரம் இருக்கட்டும், வேர்வையெல்லாம் பெட்டிக்கு மேலேயே போயிடும்.

சிப்புட்_பேத்தி:

கடைசிக் கேள்வி. மழை இடியோட வந்தா இங்க கரண்ட் போயிடும். கேக் உள்ள இருக்கும்போது போச்சுன்னா?

பழைய_பேக்கரி:

அதுக்குத்தான் காலையில சுடச் சொல்றது, இந்தப் பக்கம் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான். அப்படியும் போச்சுன்னா, 35 நிமிஷம் தாண்டியிருந்தா கதவைத் திறக்காம 10 நிமிஷம் பாருங்க, உள்ள இருக்கிற சூட்டுலயே ஓரளவு வேகும். அதுக்கு முன்னாடின்னா காத்திருக்காதீங்க. கனமான பெரிய குண்டானை எடுத்து, அடியில ரெண்டு விரல் உயரம் காஞ்ச மணல், அது மேல ஒரு வளையம், மூடி போட்டு கேஸ்ல 10 நிமிஷம் சூடாக்கி அச்சை உள்ள இறக்குங்க. சின்னத் தீ. மேல் பக்கம் நிறம் வராது, வெளுப்பாத்தான் நிக்கும். கிரீம் மூடிடும். குண்டானையும் மணலையும் சுடுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருக்கணும், இருட்டுல தேட முடியாது.

கிரீம்_கரண்டி:

மெழுகுவத்தி கொளுத்தும்போது மேல இருக்கிற காத்தாடியை நிறுத்தச் சொல்லி ஒருத்தர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. 75 எண் மெழுகுவத்தியோட அடிக் குச்சியில தகரக் காகிதம் சுத்திக் குத்துங்க, மெழுகு கேக்குக்குள்ள இறங்காது. ஊதி முடிச்ச உடனே எடுத்துடுங்க. பாட்டி முதல் துண்டை வெட்டட்டும், மீதி 49 துண்டுக்கு நீளக் கத்தி, பக்கத்துல வெந்நீர் குவளை, துடைக்க ஒரு துணி. ரம்பம் மாதிரி இழுத்து அறுக்காம நேரா கீழ அழுத்துங்க, சுகீ கேக் இழுத்தா உதிரும்.